சிவப்பாக இருந்தால் வாரண்டி கிடையாது

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை.

காலையிலிருந்து வீட்டில் இருக்கிற இரும்புக்கெல்லாம் பொட்டு. தையல் மெஷின், கத்தரிக்கோல், மிக்ஸி, கிரைண்டர், கதவுத் தாழ்ப்பாள். என் வீட்டுக்காரர் சென்னியப்பன் ஆயுசு முழுக்க ஈரோடு - கோபி தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸுக்குப் பூஜை போட்டுப் பழகிய கை சும்மா இருக்காது. கேஸ் சிலிண்டருக்கு மாலை போடப் போனார். போய்த் தடுத்தேன்.

இன்றைக்கு நானும் ஒரு ஆயுதத்தைக் கையில் எடுத்தேன். லேப்டாப்புக்குப் புது ரேம் போட்டது நான்தான்! வசந்தாமணி, தையல்காரி, அவ்வப்போது வாரப் பத்திரிகைக்குத் துணுக்கு எழுதி அனுப்புகிறவள், இன்றுமுதல் கம்ப்யூட்டர் மெக்கானிக்.

போடாமல் முடியவில்லை. போன வருஷம் ஆபரேஷனில் இவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிப் பேச்சுப் பயிற்சி மேடம் சொல்லி, லேப்டாப் வாங்கி, ஃபேனை நிறுத்திவிட்டு அறைக்குள் உட்கார்ந்து, வேண்டிய வாக்கியத்தையெல்லாம் இவர் குரலிலேயே பதிந்து வைத்தார். இப்போது திரையில் அந்த வாக்கியத்தைத் தொட்டால் இவர் குரல் பேசும். ஆனால் ஆமை வேகம். 'பால் பொங்குது' என்று தொடுவார். பால் பொங்கி, அடுப்பு அணைந்து, நான் வந்து மேடையைத் துடைத்து முடித்த பிறகு, கலெக்டர் அறிவிப்பு மாதிரி கம்பீரமாக வரும்: "பால் பொங்குது!"

லேப்டாப்போடு வந்த புத்தகத்திலேயே படம் போட்டிருக்கிறது, ரேமை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று. மாற்றினேன். ஒரு ஸ்க்ரூ மேல் பொடி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கிழித்தேன். மூடி போடுவதற்குள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். "ஈரம் உள்ள போனா செத்துதுங்க!" என்று கையைத் தட்டிவிட்டேன். முறைத்துக்கொண்டே குங்குமச் சிமிழை எடுத்தார். உருண்டு போன ஸ்க்ரூவைத் தேடி நான் கட்டிலுக்கடியில் தலையை விட்டு வெளியே எடுக்கிறபோது, விரலைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நல்லவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இப்போது தொட்டதும் பேசுகிறது. பொரி கடலை சாப்பிட்டோம்.

நாளைக்கு: இவருக்குக் கழுத்துத் துணி தைக்கணும். பென்டிரைவ் வாங்கி எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைக்கணும், மேடம் போனிலும் ஞாபகப்படுத்தினார்.

அக்டோபர் 4, சனி

பென்டிரைவ் மறந்துவிட்டது. ஜவ்வரிசி வாங்கினேன்.

லேப்டாப் வேகமாகப் பேசுவதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. பக்கத்து வீட்டு ருக்மணியக்கா வந்து தன் மருமகளைப் பற்றி மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் இவர் குரல்: "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க!" அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. 'பஸ்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறார். மேடம் சாப்பாடு, ஆஸ்பத்திரி என்று பதியச் சொன்னால், இந்த மனுசன் ஸ்டாப் பேரெல்லாம் கூவிப் பதிந்திருக்கிறார்.

என் பேரிலும் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. 'வசந்தி'. திட்டுவதற்கென்று தனியாகப் பதிந்திருப்பார். இதுவரை ஒரு தரம்கூடத் திறக்கவில்லை. அவ்வளவு பொறுமை எப்போது வந்ததோ.

அக்டோபர் 6, திங்கள்

கோயமுத்தூர் போய் வந்தோம். ஸ்கேன் பார்த்த டாக்டர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். எழுந்து நின்று கதவு வரைக்கும் வந்தார். எனக்குப் பிடிக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. வெண்டைக்காய் வாங்கினேன். முத்தல்.

அக்டோபர் 7, செவ்வாய்

லேப்டாப் செத்துவிட்டது.

காலையில் சார்ஜ் ஏறவில்லை. மத்தியானம் 'வசந்தி' ஃபோல்டரைத் திறக்கப் போனார், பார்த்தேன். அதற்குள் திரை கறுத்தது. பட்டனை அமுக்கினோம். தட்டினோம். வயரை மாற்றிப் போட்டோம். நான் சென்னிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். இவர் என்னைப் பார்த்தார், நான் கீழே பார்த்தேன். கை வைத்தது யார்? நான்தானே.

போனில் எழுதினால் அதுவும் வாசிக்கும். ஆனால் பொம்பளைக் குரல், ரயில்வே ஸ்டேஷனில் தாமதத்துக்கு வருந்துகிற பொம்பளை. "காபி வேண்டும்" என்றாள். என்ற வூட்டில் நின்றுகொண்டு என் புருஷனுக்குக் காபி கேட்க இவள் யார்? இவரும் முகத்தைச் சுளித்துப் போனைக் கவிழ்த்துவிட்டார்.

இப்போதைக்கு மேஜையைத் தட்டுகிறார். ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. ரெண்டு தட்டினால் ரைட், போலாம். பஸ் பாஷை. ஒரு குடும்பத்தை ஓட்ட இது போதுமென்று இவ்வளவு காலம் தெரியாமல் போயிற்று.

அக்டோபர் 8, புதன்

பெருந்துறை ரோட்டில் கம்பெனி சர்வீஸ் சென்டர். ஏசி. உட்கார்ந்ததும் நல்ல காரியம் நடக்கும் போலத்தான் தோன்றியது. மேனேஜர் பேர் தினகர், டை கட்டியிருந்தார். லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தவுடனே, "ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்குதுங்களே. வாரண்டி கிடையாதுங்கம்மா."

"ரேம் போட்டனுங்க. உங்க பொஸ்தகத்துலயே படம் போட்டிருக்குதுங்களே."

"அது பொதுவா போடறதுங்கம்மா."

"அப்புறம் எதுக்குப் போடறீங்க, கலர் அடிக்கறதுக்கா?"

சிரிக்கவில்லை. திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். 'உள்ளே இருக்கும் தகவல்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். தகவல் இல்லைங்க, இவரோட குரல் என்றேன். "எல்லாமே தகவல்தாங்கம்மா" என்றார் தினகர்.

போடவில்லை. வெறும் ரசீது மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

ருக்மணியக்கா சொல்கிறாள், ஸ்டிக்கரைக் கிழித்தால் கேஸ் போடுவார்களாம். அவளுடைய கொழுந்தனாருக்குத் தெரிந்தவர் ஒருத்தர் டிவி பெட்டியைத் திறந்துவிட்டு ரொம்ப நாள் அலைந்தாராம். எதற்கு அலைந்தார் என்று கேட்டால் தெரியவில்லை.

கழுத்துத் துணி துவைத்தேன். காற்று போக அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது, தூசி போகாமல் துணி கட்ட வேண்டும். என் பழைய மெல்லிசான வாயில் சேலைதான் தோது.

அக்டோபர் 10, வெள்ளி

தினகர் போனில் பேசினார். "செக் பண்ணிட்டோமுங்கம்மா. உள்ள தண்ணி போயிருக்குது. தண்ணி பட்டா சிவப்பா மாறுற ஸ்டிக்கர் ஒண்ணு போர்டுல இருக்குமுங்க. நல்லாச் சிவந்திருக்குது. ஸ்டிக்கர் கிழிஞ்சது ஒண்ணு, தண்ணி போனது ஒண்ணு. வாரண்டி வராதுங்க."

போட்டோவும் அனுப்பினார். சிவப்புதான். நல்ல சிவப்பு.

தண்ணி எங்கிருந்து போயிருக்கும்? ரேம் போடும்போது வேர்வை சொட்டியிருக்குமா? எனக்கு மூக்கு நுனியில் வேர்க்கும். காபி டம்ளரை அது பக்கத்திலா வைத்தேன்? எத்தனை யோசித்தாலும் கடைசியில் என் மூஞ்சிதான் வந்து நிற்கிறது. கம்ப்யூட்டர் மெக்கானிக்காம், மெக்கானிக். புருஷனுடைய குரலையே ஊத்திமூடிவிட்டேன்.

இவரிடம் போட்டோவைக் காட்டவில்லை. இன்னும் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். ரெண்டு தட்டு தட்டினார்.

அக்டோபர் 11, சனி

சாம்பாரில் உப்பு ரெண்டு தரம் போட்டேன். இவர் ஒன்றும் தட்டவில்லை. முழுசாகச் சாப்பிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் பாட்டு. அப்புறம் ஒரு அம்மா எடுத்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன், ருக்மணியக்காவின் கொழுந்தனார் உட்பட. பொறுமையாகக் கேட்டார்.

"ரேமை நீங்களே மாத்தலாம்னு கம்பெனியே எழுதியிருக்குன்னா, மாத்தினதை மட்டும் காரணமா சொல்லி வாரண்டியை மறுக்கறது சரியில்லம்மா. நீங்க மாத்தினதாலதான் கெட்டுப்போச்சுன்னா அதை அவங்க காட்டணும்."

"தண்ணி போயிருக்குதுன்னு காட்டறாங்களே."

"போட்டோலதானே காட்டினாங்க? உங்க முன்னாடி திறந்து காட்டச் சொல்லுங்க. மறுக்கறதை எழுத்துல கேளுங்க. கொடுக்கலைன்னா புகார் பதியலாம், மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். வக்கீல் வெச்சுத்தான் ஆகணும்னு இல்லம்மா."

"மேடம், நிஜமாவே என்ற தப்பா இருந்துட்டா?"

"அதையும் பார்த்துத்தானேம்மா தெரிஞ்சுக்கணும்" என்றார்.

போனை வைத்த பிறகு தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

தீபாவளி நெருங்கிவிட்டது. ஜாக்கெட் தைக்கக் கூட்டம். எல்லாருக்கும் நேற்றே வேண்டும். "சார் எப்படிங்கக்கா இருக்கார்?" என்கிறார்கள். "ரொம்ப அமைதியா ஆயிட்டார்" என்கிறேன். சிரித்துவிட்டு, அப்புறம் சிரித்ததற்கு வருத்தப்பட்டுக்கொண்டே அளவு கொடுக்கிறார்கள். பழைய துணுக்கு, இன்னும் ஓடுகிறது.

கோயமுத்தூரிலிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். தீபாவளி முடியட்டும் என்றேன். தள்ளிப்போட வேண்டாமென்று அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னாள். இவர்களுக்கெல்லாம் யார் மரியாதை சொல்லிக்கொடுத்தது?

அக்டோபர் 17, வெள்ளி

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

இவரையும் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வர வேண்டாமென்றால் கேட்கவில்லை, சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று ரெண்டு தட்டு தட்டிவிட்டார். பையில் அந்தப் புத்தகம், படம் இருக்கிற பக்கத்தில் ஊக்கு குத்தி.

தினகரிடம் உதவி எண் மேடம் சொன்ன மாதிரியே சொன்னேன். என் முன்னால் திறவுங்கள், மறுப்பதானால் எழுதிக் கொடுங்கள். நடுவில் குரல் கொஞ்சம் பிசிறியது, இருமி மறைத்துக்கொண்டேன். புத்தகப் பக்கத்தைப் படித்தவர், "சரிங்கம்மா, ரேம் போட்டதை விட்ருவோம். தண்ணிக்கு என்ன சொல்றீங்க?" என்றார். உள்ளேயிருந்து டெக்னீஷியன் பர்வீன் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்து மூடியைக் கழற்றினாள்.

நான் பார்க்கவில்லை. சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

மேஜையில் ஒரு தட்டு. நிறுத்து.

திரும்பினால் இவர் குனிந்து உள்ளே பார்க்கிறார். தோள் குலுங்குகிறது. பயந்துவிட்டேன், மூச்சு முட்டுகிறதோ என்று கழுத்துத் துணியைத் தளர்த்தப் போனேன். இல்லை. சிரிக்கிறார். சத்தமில்லாமல், கண்ணில் தண்ணி வருகிற மாதிரி. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை ஒரு தேய் தேய்த்தார். விரலைத் தூக்கித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

ஸ்டிக்கர் வெள்ளையாக இருந்தது.

"என்னங்கம்மா இது?" என்றார் தினகர்.

"குங்குமமுங்க" என்றேன். "ஆயுத பூஜை."

பர்வீன்தான் முதலில் சிரித்தாள். ஒரு பஞ்சில் மிச்சத்தைத் துடைத்து தினகரிடம் நீட்டினாள். "சார், காஞ்ச பொடி. தண்ணியெல்லாம் போகல. சார்ஜ் ஏத்துற பகுதிதான் போயிருக்கு. ரேம் நல்லாத்தான் போட்டிருக்காங்க."

ரேம் நல்லாத்தான் போட்டிருக்காங்க! அந்தப் பெண்ணுக்கு ஆயுசு நூறு.

தினகர் முகம்தான் இப்போது சிவப்பு. "சாரிங்கம்மா. வாரண்டி உண்டு. போர்டு முழுசா மாத்திக் குடுத்தர்றோம், ஒரு செலவும் இல்ல. இதுல மட்டும் ஒரு கையெழுத்து..."

அதே கையெழுத்து. குரலெல்லாம் அந்த போர்டோடு சேர்த்தே ஒட்டியிருக்கிறதாம், தனியாகக் கழற்ற வராதாம். போர்டை மாற்றினால் எல்லாம் போகும். ஒரு வாரமாக எதற்காகச் சண்டை போட்டேனோ அதைக் கையில் கொடுக்கிறார்கள், வாங்கினால் குரல் இல்லை. வாங்காவிட்டாலும் இல்லை. ஜெயித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். நெற்றியில் குங்குமத்தோடு இவர் என் முதுகைத் தட்டினார், ஒன்று, ரெண்டு என்று இல்லாமல் சும்மா தட்டிக்கொண்டே இருந்தார்.

பர்வீன் தினகரைப் பார்த்தாள். "சார், சார்ஜ் ஏறலைன்னாலும் ஏத்தின பேட்டரி போட்டா கொஞ்ச நேரம் ஓடுமே. டிஸ்பிளே பீஸ்ல அதே பேட்டரிதான். போர்டு சூடாகுது, எப்ப வேணா அணைஞ்சுடும். ஆனா எடுக்கற வரைக்கும் எடுக்கலாம்."

விதியில் இடமில்லை என்றார் தினகர். அப்புறம் துடைத்த பஞ்சைப் பார்த்தார். "பென்டிரைவ் இருக்குதுங்களாம்மா?" என்றார்.

பென்டிரைவ்.

செருப்பில்லாமல் ஓடினேன். பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்கிறார். என் புருஷன் பிடிக்கிற அளவு என்றேன்.

திரும்பி வந்தபோது திரையில் வெளிச்சம் வந்திருந்தது. ஃபோல்டர்கள் வரிசையாக: ஆஸ்பத்திரி, சாப்பாடு, பஸ், வசந்தி. "ஒவ்வொண்ணாத்தான் எடுக்க முடியும். எது முதல்லங்க சார்? சீக்கிரம் சொல்லுங்க" என்றாள் பர்வீன்.

"ஆஸ்பத்திரிங்க, ஆஸ்பத்திரி!" என்று நான் கத்தினேன். அதில்தான் 'வலிக்குது' இருக்கிறது, 'மூச்சு முட்டுது' இருக்கிறது, 'தண்ணி' இருக்கிறது. அடுத்த வாரம் கோயமுத்தூர் போகிறோமே, டாக்டர் கேட்டால் எதைக் கொண்டு சொல்வார்?

மேஜையில் ஒரு தட்டு. விரல் 'வசந்தி' மேல் போய் நின்றது.

"ஏனுங்க, திட்டறதையா எடுப்பாங்க? ஆஸ்பத்திரிங்க!"

ஒரு தட்டு. பலமாக. அதே விரல், அதே இடம்.

பர்வீன் அதை எடுத்தாள். பச்சைக் கோடு நகர்ந்து நகர்ந்து முடிந்தது. 'ஆஸ்பத்திரி'யைத் தொட்டாள். திரை கறுத்தது. இன்னொரு பேட்டரி போட்டாள். வரவில்லை. ஆற வைத்துப் போட்டாள். வரவே இல்லை.

கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

புது போர்டு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். தினகரே வீட்டுக்குக் கொண்டுவந்தார், ஒரு பெட்டி மைசூர்பாகோடு. என் ரேமைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். பொட்டு வைக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி மேடம் போனில் சொல்லச் சொல்ல, பென்டிரைவில் இருந்ததை ஏற்றினேன். இவர் என்னை அடுப்படிக்குப் போகச் சொல்லிச் சைகை காட்டினார். போகிற மாதிரி போய்க் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"வசந்தி, கேஸ் அணைச்சயா?"

"மோட்டார் ஓடிக்கிட்டே இருக்குது பாரு, தொட்டி நெறைஞ்சிருக்கும்."

"பிரஷர் மாத்திரை சாப்புட்டயா?"

"கண்ணு வலிக்கப்போவுது, தச்சது போதும். படு."

"தனியா இருக்கறப்ப யாரு வந்தாலும் கிரில்லைத் தொறக்காத. ஜன்னல்ல பேசி அனுப்பிச்சுடு."

இப்படியே போகிறது. இதற்காகவா ஃபேனை நிறுத்திவிட்டு அறைக்குள் உட்கார்ந்தார்? நான் எப்போது தனியாக இருந்தேன்? இவர் எப்போதும் முன்னறையிலேயே உட்கார்ந்திருக்கிறாரே. விவரம் கெட்ட மனுசன். தனக்கு வேண்டியதில் ஒன்றையும் எடுக்கவில்லை. தண்ணி வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுகிறார். வலித்தால் அதுகூடத் தட்டுவதில்லை.

பென்டிரைவிலிருந்து இன்னும் ரெண்டு பென்டிரைவில் நகல் எடுத்தேன். ஒன்று அரிசி டப்பாவில். ஒன்று தையல் மெஷின் டிராயரில்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி.

எண்ணெய் தேய்த்து விட்டேன். கழுத்தில் தண்ணி படாமல் குளிக்க வைப்பது ஒரு சர்க்கஸ். புதுச் சட்டை. புதுக் கழுத்துத் துணி, என் கல்யாணச் சேலையின் உள்முந்தி. அதை வெட்டிவிட்டேன். பெட்டியில் இருந்து என்ன செய்யப் போகிறது?

ருக்மணியக்கா அதிரசம் கொண்டுவந்தாள். குங்குமக் கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல். "இதைப் பத்திரிகைக்கு எழுதிப் போடு வசந்தா, காசு குடுப்பாங்க" என்றாள். முதல் பாதியை வேண்டுமானால் போடலாம்.

நாளைக்குக் கோயமுத்தூர். ஒரு பையில் துணி, ஒரு பையில் ரிப்போர்ட்டு, ஃபிளாஸ்க்.

வடைச் சட்டியை இறக்கிவிட்டு முன்னறைக்கு வந்தேன். ஈஸிசேரில் கண்ணை மூடியிருந்தார். கை மட்டும் லேப்டாப் மேல்.

"வசந்தி, கேஸ் அணைச்சயா?"

அணைத்திருந்தேன். நன்றாகத் தெரியும், நானே திருகினேன். இருந்தாலும் உள்ளே போய் இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்து, கதவு நிலையில் ரெண்டு தட்டு தட்டினேன்.